முதுகில் எட்டாத இடம்

முதுகில்தான் இருக்கிறது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, கையை மேலிருந்து வளைத்தாலும் எட்டாமல் கீழிருந்து மடக்கினாலும் எட்டாமல் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் உண்டே, அதைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. சனியன். இதற்கு யார் வழி சொல்லிக் கொடுத்தார்கள். வலி இல்லை, எரிச்சல் இல்லை, சும்மா ஒரு நமைச்சல், இருக்கிறதா இல்லையா என்று நம்மையே கேட்க வைக்கிற நமைச்சல். இருக்கிறது என்று நினைத்தால் இருக்கிறது. வேறு எதையாவது நினைத்தால் இல்லை. வேறு எதை நினைப்பது? எஸ்டேட் லைன் வரிசையில் என் வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்த குளியல் மறைப்பில் வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு சொம்பும் கையுமாக நிற்கிறேன், ஊற்றத் தோன்றவில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த உடம்பு, வேர்வை, தேயிலைத் தூசி, இதில் எதுதான் நமைக்காது? சுகாதார நர்ஸ் ஷைனி வந்து உண்ணியைப் பற்றிக் கூட்டம் போட்டுப் போனதிலிருந்து இந்த எஸ்டேட்டில் சொறியாத ஆள் கிடையாது. மேஸ்திரிகூடப் பேசிக்கொண்டே கழுத்தைச் சொறிகிறார். ஆனால் இது அந்த நமைச்சல் இல்லை. இடது கையைக் கீழிருந்து மடக்கி, வலது கையால் முழங்கையைப் பிடித்துத் தள்ளினால் நடுவிரல் நகத்தின் நுனி போய்த் தொடுகிறது. எள் அளவுக்கு ஒன்று. நகர மாட்டேன் என்கிறது. வெறும் தூசி என்றால் இந்நேரம் உதிர்ந்திருக்கும். சொறியாதே யோகராணி. சொறிந்தால் நசுங்கும், நசுங்கினால் அதன் வயிற்றில் இருப்பதெல்லாம் உன் தோலுக்குள் போகும் என்று ஷைனி சிஸ்டர் சொன்னாரே. கையை எடு. எடுத்துவிட்டேன். எடுத்த கை தானாகத் திரும்பிப் போகிறது.

எப்படி ஏறியது? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிஸ்டர் சொன்னதில் எதை விட்டேன்? உண்ணி அண்டாமலிருக்க வீட்டுக்கு வீடு கொடுத்த எண்ணெயைப் பாதி ஜனம் ஜன்னலில் வைத்துவிட்டது, நாற்றமாம். நான் பூசினேன். கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும், விரலிடுக்கு விடாமல், முழங்கை வரைக்கும். காலுறை போட்டு அதற்குள் பேண்டைச் செருகி அதற்கு மேல் சேலை. கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி பூசிக்கிறா பாரு என்று எங்கள் நிரையில் பறிக்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சருகில் உட்காரக்கூடாது என்றார், நின்றுகொண்டே சோறு தின்றேன். அப்புறம் எப்படி? கால் வழியாக வரவில்லை. கை வழியாகவும் வரவில்லை. நேராக முதுகுக்கு எப்படி வரும், பறந்தா வரும்? உண்ணி பறக்காது, குதிக்காது, புல் நுனியில் காத்திருந்து உரசுகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று சிஸ்டர் படம் வைத்துக் காட்டினார். அப்போ முதுகில் உரசியது எது. நாள் பூராவும் என் முதுகில் உரசியது எது... பை. அட கடவுளே, பை. கொழுந்துப் பை! நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் தொங்கவிட்டிருக்கிறோமே, அந்தப் பை. சாப்பாட்டு நேரத்தில் நான் நின்றேன், பை எங்கே இருந்தது? காட்டோர மரத்தடியில், சருகு மெத்தையில், எல்லார் பையோடும் சேர்ந்து ஜம்மென்று படுத்திருந்தது. பிறகு அதைத் தூக்கி நானேதான் முதுகில் மாட்டினேன். காலுக்கு எண்ணெய் பூசினோம், கைக்குப் பூசினோம், பைக்கு யார் பூசியது? ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சிஸ்டருக்கும் தோன்றாது, அவர் பை சுமந்ததில்லை. பை சுமக்கிற எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தலையில் அடித்துக்கொள்ளலாம், அடிக்கத்தான் கை ஓய்வாக இல்லை, முதுகைத் தேடிக்கொண்டிருக்கிறது.

எள் அளவு. எள் அளவுதான் ஆபத்து என்று சொன்னார். மாட்டுக் காதில் ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி உப்பித் தொங்குகிறதே, அதைப் பார்த்துத்தான் நாம் அருவருப்போம், அது கண்ணுக்குத் தெரிகிறது, பிடுங்கிப் போடலாம். இந்தக் குட்டி உண்ணிதான் குரங்குக் காய்ச்சலைக் கொண்டுவந்து மனுசனுக்குக் கொடுக்கிறதாம். பெயரைப் பார். பாவம் குரங்கு என்ன செய்தது, அதையும் இதுதான் கடித்துக் கொன்றது, பெயர் மட்டும் குரங்குக்கு. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விழுந்து கிடந்ததே ஒரு கருங்குரங்கு, வாயில் ரத்தம் காய்ந்து, கை இரண்டையும் விரித்து, நான்தான் முதலில் பார்த்தேன். யாரும் கிட்டே போகாதீங்க என்று கத்தினேன். மறுநாள் ஆட்கள் வந்து அதை எரித்து, சுற்றிலும் மருந்துத் தூள் தூவிவிட்டுப் போனார்கள். போன வருஷம் கீழ் லைன் கருணாகரன் இப்படித்தான், திடீரென்று காய்ச்சல், தலை பிளக்கிற வலி, எஸ்டேட் காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டான். ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் ஜீப் பிடித்தார்கள். ஜீப் திரும்பி வந்தபோது அவன் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்திருந்த உட்கார்வு... வேண்டாம். அதை நினைக்காதே. எல்லா உண்ணியிலும் நோய் இல்லை என்றும்தான் சிஸ்டர் சொன்னார். அதை ஏன் மனசு பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறது? சீக்கிரம் எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு. சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? மத்தியானம் ஏறியிருந்தால் இப்போது சாயங்காலம். குடித்துக்கொண்டிருக்கிறது. நான் நின்று யோசிக்க யோசிக்க அது என்னைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பயமாக இருக்கிறது. சரி, பயம்தான். பயந்துகொண்டே வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டினேன். சுவரில் இருக்கிற கண்ணாடியில் முகம்தான் தெரியும், திரும்பிப் பார்த்தால் தோள் முடிகிற இடத்தோடு சரி. போனை எடுத்துத் தலைக்குப் பின்னால் பிடித்து ஒரு படம். கூரை. இன்னொன்று. ஜடை. இன்னொன்றில் முதுகு வந்தது, கலங்கலாக, அதில் ஒரு கறுப்புப் புள்ளி. இதுவா? விரலால் பெரிதாக்கினால் இன்னும் கலங்குகிறது. உண்ணியா மச்சமா? எனக்கு முதுகில் மச்சம் இருக்கிறதா? தெரியவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக நான் சுமக்கிற முதுகு, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தால் தெரிந்திருக்கும் என்பார்கள். வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் வேண்டாம் என்றவள் நான், மச்சம் பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்படும் என்றா கட்டிக்கொள்ள முடியும்? அந்த நேரம் பார்த்துக் கையில் போன் அடிக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து தர்மலிங்கம் அண்ணன். "என்னாச்சும்மா, ஒங்க பக்கம் குரங்குக் காய்ச்சலாமே, டிவியில போடுறான்?" என்றார். "இருக்குண்ணே, ஜாக்கிரதையாத்தான் இருக்கோம்." "இதுக்குத்தான் சொல்றேன், கீழ வந்துடு. ஒத்தப் பொம்பள. நாளைக்கி ஒன்னுன்னா பக்கத்துல யாரு இருக்கா?" பாவாடையைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிற நான் என்ன சொல்ல. "எனக்கு என்னண்ணே, கல்லு மாதிரி இருக்கேன்," என்றேன், பல்லிடுக்கில். "என்ன, வாயில எதையாவது வச்சிருக்கியா?" "சாப்பிடுறேன்." வைத்துவிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வீட்டு மொட்டைமாடித் தகர ரூமில் உட்கார்ந்து அண்ணிக்கு வெங்காயம் உரிப்பதற்கு நான் பிறக்கவில்லை. என் வீடு, என் வேலை, என் உண்ணி.

நானே எடுக்க என்ன வழி? கதவு நிலையில் முதுகை வைத்து எருமை மாதிரி ஒரு தேய் தேய்த்தால் போதும், சுகமாக இருக்கும், நசுங்கிவிடும், கதையும் முடிந்துவிடும், என் கதை. துடைப்பக் குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்து ஒற்றினால் தானாக விழும் என்று ஊரே சொல்கிறது. பீடி நெருப்பைக் காட்டு என்பார்கள், சுண்ணாம்பு தடவு என்பார்கள். சிஸ்டர் இந்த ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி இல்லை என்றார். அதைச் சீண்டினால் அது வாந்தி எடுக்கும், நமக்குள்ளேதான் எடுக்கும் என்றார். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், மெதுவாக நேரே மேலே இழுக்கணும், அவ்வளவுதான். என்னிடம் முள்வாங்கி இருக்கிறது. பார்க்கிற கண் இல்லை. இரண்டு கண்ணும் முன்னால் இருக்கிறது, இதைப் படைத்தவனிடம் ஒரு நாள் நியாயம் கேட்கணும். லைனில் எல்லாரும் இன்னும் கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் நிற்பார்கள், இன்றைக்கு லாரி தாமதம். நான் முன்னாடியே நிறுத்துவிட்டு வந்தேன். இப்போது லைனில் இருப்பது பக்கத்து வீட்டு மரகதக்கா மட்டும்தான். இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. மாடு கன்னு போடுகிறதோ என்னவோ. எனக்கென்ன, நான்தான் பேசுவதில்லையே.

நான் பேசாமல் இல்லை, அவள்தான் பேசுவதில்லை. குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் கூட்டம் போட்ட அன்றைக்கு, காட்டுக்குள் மாடு ஓட்டிப்போகிறவர்கள் யார் என்று சிஸ்டர் கேட்டார். காட்டில் மேய்கிற மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் மேல் உண்ணி தின்று கொழுத்து, வீட்டு வாசலில் உதிர்ந்து, ஆயிரக்கணக்கில் முட்டை போடும், மாடு அதற்கு ஓசி வண்டி என்று விளக்கினார். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். மரகதக்கா அவள் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். நான் எழுந்து சொன்னேன். "இவங்க ஓட்டிப்போறாங்க. காட்டுச் சருகு அள்ளிட்டு வந்து தொழுவத்துல பரப்புறாங்க. அந்தத் தொழுவத்துக்கும் என் அடுப்படிக்கும் நடுவுல ஒரு சுவருதான்." முகத்துக்கு நேரேதான் சொன்னேன், முதுகுக்குப் பின்னால் இல்லை. மறுநாளே ஆட்கள் வந்து மாட்டுக்கு மருந்து அடித்தார்கள், சருகை வாரிக் கொளுத்தினார்கள், காட்டு வழியில் காவலுக்கு ஆள் போட்டார்கள். அவள் புருஷன் கேரளாவில் கல் உடைக்கிறான், பணம் வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை, பால்தான் அவள் அடுப்பு. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "ஒன் நாக்குல புழு வைக்க," என்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். பத்து வருஷமாக என் வீட்டுக் குழம்பு அவள் வீட்டுக்கும், அவள் வீட்டு மோர் என் வீட்டுக்கும் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அன்றோடு நின்றது. மோர் இல்லாத சோறு தொண்டையில் இறங்கவில்லை, உண்மையைச் சொன்னால் என்ன. அதற்காகச் சொன்னது தப்பாகிவிடுமா? ஆகாது. இன்னொரு தடவை கேட்டாலும் எழுந்து நின்று சொல்வேன். ஆனால் அவளிடம் போய் முதுகைக் காட்டுவது எப்படி? ஏன், காட்டினால் என்ன? மன்னிப்புக் கேட்கவா போகிறேன்? முதுகு காட்டப் போகிறேன். இரண்டும் வேறு. சிரித்தால் சிரிக்கட்டும், திட்டினால் திட்டட்டும், திட்டிக்கொண்டே எடுக்கட்டும். முள்வாங்கியையும், ஒரு டம்ளரில் சோப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, சேலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன்.

திறந்துதான் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. "என்னடி, இன்னைக்கித்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள், திரும்பாமலே. "முதுகுல உண்ணி கடிச்சிருக்குக்கா. எடுத்து விடுங்க." விறகை உள்ளே தள்ளினாள். "என் மாட்டு உண்ணியா, காட்டு உண்ணியா?" "பேரு எழுதி ஒட்டல. எடுங்க." சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை. கை மண்ணெண்ணெய் பாட்டிலுக்குப் போனது. வேண்டாம் என்று முள்வாங்கியை நீட்டினேன். வெளிச்சத்துக்காக வாசல்படிக்கு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், சேலையை இறக்கினேன். வளர்ந்த பிறகு என் முதுகை இன்னொருத்தர் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அந்த நினைப்பே கூச்சமாக இருந்தது, எட்டாத இடம் முழுக்கக் காற்று பட்டது. "ரெண்டு இருக்குடி," என்றாள். எனக்கு உயிர் போய் வந்தது. "பயப்படாத. ஒன்னு மச்சம். ஒனக்கு நடு முதுகுல மச்சம் இருக்குன்னு தெரியுமா?" "தெரியாதுக்கா." "இருக்கு. அழகா, மிளகு மாதிரி. இன்னொன்னுக்குத்தான் காலு ஆடுது." தோலை ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன், திருகவேண்டாம் என்றேன். "தெரியும்டி, நானுந்தான் கூட்டத்துல இருந்தேன். மானம் போன கூட்டத்துல." அவள் இடது கை என் தோளை அழுத்திப் பிடித்தது. அந்தக் கை நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சூடாக இருந்தது. அடுப்பில் காய்ந்த கை என்று நினைத்தேன். சுருக்கென்று ஓர் இழுப்பு, அவ்வளவுதான். டம்ளரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், சோப்புத் தண்ணீரில் அது எட்டுக் காலையும் வீசிக்கொண்டு அடியில் இறங்கியது, தலை உடையாமல் முழுசாக. இத்தனூண்டு. இதற்கா இந்தப் பாடு. அழவேண்டும் போல இருந்தது, சிரித்தேன். தோள் மேல் அவள் கை இன்னும் எடுக்காமல் இருந்தது. வாசலில் குளிர்காற்று அடித்தது, அடுப்பு உள்ளே எங்கேயோ இருந்தது, அந்தக் கை மட்டும் கொதித்தது.

திரும்பி அவள் கழுத்தைத் தொட்டேன். தோசைக்கல். கண் இரண்டும் சிவந்திருந்தது. "எப்பருந்துக்கா?" "ஒன்னுமில்லடி, பனி." "தலைவலி?" நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டாள். "காட்டுக்குப் போனீங்களா?" காவல்காரன் கண்ணில் படாமல், பின்பக்கத்து ஓடை வழியாக, விடியற்காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள், நான் தூங்குகிற சுவருக்கு அந்தப் பக்கமாகவே. "வேற என்ன பண்ணச் சொல்ற? தீவனம் வாங்க நீ குடுப்பியா?" என்றவள், உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யோகம், சொல்லிடாதடி. காய்ச்சல்னு தெரிஞ்சா மாட்ட ஓட்டிட்டுப் போயிடுவாங்க. படுத்து எந்திரிச்சா சரியாயிடும். இப்பத்தானே ஒன் முதுகப் பாத்து விட்டேன். அதுக்காகவாச்சும்." அதுக்காகவாச்சும். அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. கோபத்தோடு கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், கெஞ்சிக் கேட்கிறாள். வாயை மூடிக்கொண்டு கஞ்சி வைத்துக் கொடுத்தால் நாளையிலிருந்து மோர் வரும், பேச்சு வரும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகத் துணி துவைக்கப் போகலாம். மாத்திரை போட்டால் ஒருவேளை இறங்கிவிடும். எல்லா உண்ணியிலும் நோய் இல்லை. ஒருவேளை பனியாகவே இருக்கும். ஒருவேளை. கருணாகரன் வீட்டிலும் இப்படித்தான் ஒருவேளை ஒருவேளை என்று உட்கார்ந்திருந்தார்கள். இவள் கண்ணால்தான் என் முதுகில் மச்சம் இருப்பது எனக்குத் தெரிந்தது. இந்தக் கண்ணை மூடவிட்டுவிட்டு எனக்கு மோர் எதற்கு? மாட்டுக்கு நான் புல் அறுத்துப் போடுவேன், தேயிலை இடுக்கில் புல்லுக்கா பஞ்சம், மனுசியை எங்கே போய் அறுப்பது. நாக்கில் புழு வைக்கட்டும். கையை விடுவித்துக்கொண்டேன். "சொல்லத்தான்க்கா போறேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத," என்றாள். "சரிக்கா, நாளையிலருந்து மிதிக்கல. இன்னைக்கி இங்கதான் இருப்பேன்," என்று அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். எனக்கும் காய்ச்சல் வரலாம், வந்தால் என்னையும் சொல்வேன், அதற்கென்ன. நாலாவது மணியில் எடுத்தார்கள். "ஷைனி சிஸ்டர், எட்டாம் லைன்லருந்து பேசுறேன். ஜீப் வேணும், காய்ச்சக்காரங்க இருக்காங்க. மரகதம். ஆமா, அவங்கதான். யாரா? யோகராணி பேசுறேன், சிஸ்டர். ஆமா, மறுபடியும் நானேதான்."